பொருளுக்குப் பேரமில்லை, கூலிக்கு மட்டும் பேரமா?

தோழர்களே, இது ஒரு பழைய மோட்டார்சைக்கிளைப் பற்றிய கட்டுரை. எழுத வேண்டியது எவ்வளவோ கிடக்க வண்டி ரிப்பேருக்கு நாலு பக்கமா என்று முகம் சுளிக்கிறவர்கள், போன மாசக் கூட்டத்துக்கு எதில் வந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கணும். கடைசி பஸ் எட்டரைக்குப் போயிடுது. காலனிக்குள்ள பஸ்ஸே வராத ஊர் இன்னமும் இருக்கு. துண்டறிக்கைக் கட்டு, ஒலிபெருக்கி, வழக்குக் கட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் எல்லாத்தையும் சுமக்கிறது மூணாம் கை நாலாம் கை மாறி வந்த வண்டிகள்தான். நம்ம அரசியல் ரெண்டு சக்கரத்துல ஓடுது. அது நின்னா நாமும் நிற்கிறோம்.

சண்டை ஆரம்பிச்சது கணக்கு வாசிக்கும்போது. 'வண்டிச் செலவு' என்கிற இடத்துல வந்து நின்னது. ஒரு தோழர் எழுந்து, "இவ்வளவு காசைக் கடைக்காரனுக்கு ஏன் கொட்டணும்? நாலு ஸ்பேனர் வாங்கி நாமே பார்த்துக்க மாட்டோமா? சுயமரியாதை பேசுறோம், சொந்தமா ஒரு பிளக் கழட்டத் தெரியல" என்றார். இன்னொருத்தர், "உனக்கு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கு. எனக்கு ரெண்டு கிராமம் போகணும். காசைக் கொடுத்தா வேலை முடிஞ்சுது. அது அவன் தொழில், இது நம்ம தொழில்" என்றார். ரெண்டு பேர் பக்கமும் கை தட்டினாங்க. நானும் ரெண்டு தரமும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரெண்டு பேர் பேச்சுலயும் ஏதோ இடிக்குதுன்னு பட்டது. 'அவன் தொழில், இது நம்ம தொழில்' என்கிற வாக்கியத்தை நாம வேற யார் வாயில் கேட்டிருக்கோம்?

என் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி, நாலு கியர், எல்லாம் கீழ் நோக்கி மிதிக்கிறது. என்கிட்ட வரும்போதே மூணு பேரைச் சுமந்து முடிச்சிருந்தது. பதினைந்து வருசம் தாண்டின வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினாங்க. 2025இல் இருபது வருசம் தாண்டின மோட்டார்சைக்கிளுக்கு 2,000 ஆக்கினாங்க. பழைய வண்டி வெச்சிருக்கிறவன் ஆசைப்பட்டு வெச்சிருக்கிற மாதிரி நினைப்பு.

ஒரு ராத்திரி துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வண்டி இருமி இருமி நின்னு போச்சு. ரெண்டு ஊருக்கு நடுவுல. உதைச்சேன், உதைச்சேன். கிக்கர் என் முழங்காலை உதைச்சதுதான் மிச்சம். முன்னால் ஒரு கிலோமீட்டரில் கடைத்தெரு உள்ள ஊர் இருக்கு. வேற யாராவதா இருந்தா தள்ளிக்கிட்டுப் போய், டீக்கடையில கேட்டு, மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். எனக்கு அந்தத் தெருவுல வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகிறது லேசான காரியமில்லை. அந்த ஊர்க்காரங்க மேல நாங்க கொடுத்த புகார் அப்போ விசாரணையில இருந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்துல நம்ம பையன் ஒருத்தன், கல்லூரி மாணவன், புல்லட் ஓட்டினதுக்காகவே கையில வெட்டு வாங்கினதா அவன் குடும்பம் சொன்னது. மூணு பேரைக் கைது பண்ணினாங்க. ஒரு காலத்துல ஊர்த்தெருவுல சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்னு நம்ம அப்பன் பாட்டனைச் சொன்னாங்க. இப்போ வண்டி நின்னுட்டா நாமாவே இறங்கித் தள்ளணும். வண்டி நடுவழியில் நிற்கிறது எல்லாருக்கும் சங்கடம். சிலருக்கு அது சங்கடத்தோட முடியாது.

அன்னிக்குப் பத்து நிமிஷம் புளியமரத்தடியில இருட்டுல நின்னேன். பிறகு ஒரே உதையில வண்டி எடுத்துக்கிச்சு. எட்டுக் கிலோமீட்டர் ஓடிச்சு. மறுபடி நின்னுது. மறுபடி பத்து நிமிஷம். இப்படியே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் டவுனில் ஒரு பெரிய கடை. பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, டோக்கன், கம்ப்யூட்டர் பில். "சூடானா காயில் கட் ஆகுது சார்" என்றாங்க. அது தப்பான யூகமில்லை, சூட்டுல செத்து ஆறினதும் உயிர் வர்ற காயில் உண்டு. காயில் மாத்தினாங்க. கார்ப்பரேட்டர் கழட்டிக் கழுவினாங்க. பிளக் புதுசு. 2,350 ரூபாய். வீடு வர்ற வழியிலேயே நின்னுது. திரும்பக் கொண்டுபோனா, "போர் தேய்ஞ்சிருக்கும் சார், எஞ்சின் இறக்கணும், 4,800 ஆகும்" என்கிறாங்க. வண்டியை ஒருத்தரும் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கல. அந்தக் கடையில நின்னபடியே உறுமவிட்டுப் பார்த்தாங்க, நல்லாத்தான் உறுமிச்சு.

எங்க காலனியில வேப்பமரத்தடியில ஒரு தம்பி கடை போட்டிருக்கான். கடைன்னா ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு, கால் பம்பு. அவன்கிட்ட முதல்லயே ஏன் போகல? உண்மையைச் சொல்லிடுறேன்: கண்ணாடிக் கதவு வெச்ச கடைக்காரனுக்கு அதிகம் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நம்ம ஆளுக்குத் தொழில் தெரியாதுன்னு ஊர்க்காரன் நினைக்கிறதை நானும் நினைச்சிருக்கேன்.

தம்பி வண்டியைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டான். "எவ்ளோ தூரம் ஓடினா நிக்குதுண்ணே? டக்குனு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?" இழுத்து இழுத்து என்றேன். "டேங்க் ஃபுல்லா இருந்தா சீக்கிரம் நிக்குதா?" ஆமாம், அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று கடையில் சொல்லவில்லை. பின்னால் ஏறிக்கிட்டான். ஏரிக்கரை தாண்டி வண்டி நின்னதும் இறங்கி, பிளக்கைக் கழட்டி, கேப்பில் மாட்டி, எஞ்சின் இரும்புல ஒட்ட வெச்சு உதைக்கச் சொன்னான். நீலமா நெருப்புப் பாய்ஞ்சுது. "காயில் நல்லாருக்கு. பழைய காயிலும் நல்லாத்தான் இருந்திருக்கும்." அடுத்து கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற திருகைத் தளர்த்தினான். பெட்ரோல் சொட்டவே இல்லை. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல், கீழே ஒரு சொட்டு இல்லை. பிறகு டேங்க் மூடியைத் திறந்தான். 'புஸ்' என்று ஒரு சத்தம். காத்து உள்ளே போச்சு, கீழே பெட்ரோல் ஒழுக ஆரம்பிச்சுது.

அவ்வளவுதான் தோழர்களே. டேங்க் மூடியில ஒரு பொடி ஓட்டை இருக்கு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியா காத்து உள்ளே போகணும். அது அடைபட்டா டேங்குக்குள்ள வெற்றிடம் பிடிச்சுக்கிட்டு பெட்ரோலைக் கீழே விடாது. பத்து நிமிஷம் நின்னா எப்படியோ கசிஞ்சு காத்து நுழைஞ்சிடும், வண்டி எடுக்கும். தம்பி ஒரு பிரேக் கேபிள் இழையை உருவி ஓட்டையைக் குத்தி, வாயால ஊதி, மூடினான். ரெண்டு நிமிஷம். 4,800 ரூபாய் எஞ்சின் வேலை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது.

"எவ்ளோப்பா?" என்றேன். "இதுக்கு என்னாண்ணே காசு, டீ வாங்கிக் கொடுங்க" என்றான். நான் பர்ஸைத் திறந்து இருபது ரூபாய் எடுத்து, "இந்தா வெச்சுக்க" என்று அவன் சட்டைப் பையில திணிச்சேன். ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிட்டதா நினைப்பு. வீட்டுல வந்து சந்தோஷமா சொன்னா, எங்கம்மா முறத்தைக் கீழே வெச்சிட்டு கேட்டாங்க: "உங்க தாத்தனுக்கு அப்படித்தான்டா குடுத்தாங்க. இந்தா வெச்சுக்கன்னு."

எங்க தாத்தா ஊருக்கு வெட்டி. மாடு செத்தா அவர், சாவு சொல்லப் போக அவர், ராத்திரி மடை காக்க அவர். அவர் வேலைக்குக் கணக்கு கிடையாது. அறுப்புக் களத்துல குடுத்ததை மடியில வாங்கிக்கணும். கொறைஞ்சுதுன்னு சொல்ல முடியாது, ஏன்னா இவ்வளவுன்னு ஒரு அளவே பேசினது கிடையாது. கூலிக்கு அளவு இல்லாமல் வெச்சிருந்தது தற்செயலா நடந்தது இல்லை. அளவு பேசினா அது கூலி. பேசாட்டா அது பிச்சை, இல்லாட்டி கருணை. கண்ணாடிக் கதவுக்குள்ள தப்பான வேலைக்கு 2,350 ரூபாயைப் பில்லு வாங்கிக் கட்டிட்டு வந்தவன், சரியான வேலைக்கு மரத்தடியில நின்னு 'இந்தா வெச்சுக்க' என்றேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பின்னால ஆறு வருசம் இருக்கு. பதினஞ்சு வயசுல டவுன் கடையில சேர்ந்து, முதல் ரெண்டு வருசம் சோத்துக்கும் பஸ்சுக்கும் மட்டும் காசு வாங்கி, பெட்ரோல்ல சாமான் கழுவிக் கழுவி விரல் வெடிச்சுக் கத்துக்கிட்ட ரெண்டு நிமிஷம் அது.

இனி நம்ம பழக்கத்தைக் கவனிங்க. மெக்கானிக் கடைக்குப் போகிறோம். பிரேக் ஷூ ஒரு பெட்டியில வருது, பெட்டி மேல விலை அச்சடிச்சிருக்கு. அதை அப்படியே கொடுக்கிறோம். செயின் ஸ்ப்ராக்கெட் செட்டு, ஆயில் பாட்டில், எல்லாத்துக்கும் அச்சடிச்ச விலை, வாயைத் திறக்கிறதில்லை. கடைசியில 'லேபர் 300' என்று சொன்னதும் நமக்கு எங்கிருந்தோ ரோஷம் வருது. "என்னப்பா, ரெண்டு நட்டு கழட்டினதுக்கு முந்நூறா? நூத்தம்பது வெச்சுக்க." பொருளுக்குப் பேரமில்லை, கூலிக்கு மட்டும் பேரம். கம்பெனி லாபத்தை மதிக்கிறோம், முன்னால உட்கார்ந்திருக்கிற ஆளோட உழைப்பை அடிச்சுப் பேசுறோம். அதுவும் யார்? மே தினத்துக்குத் துண்டறிக்கை அடிக்கிற நாம. இன்னும் ஒண்ணு சொல்லணும். நம்ம தோழர்கள் சிலபேர் நாற்பது வயசு மெக்கானிக்கை 'டேய், வாடா' என்று கூப்பிடுறாங்க. ஊர்த்தெருவுல எந்தச் சின்னப்பயலோ நம்ம அப்பனை அப்படிக் கூப்பிட்டால் வழக்குப் போடுகிறோம்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் 1936இல், லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையில் எழுதினார். அதை நாம கருத்தரங்குல எத்தனை தரம் சொல்லியிருப்போம்! கையால செய்கிற வேலை கீழ், அதை மேல்பார்க்கிற மூளை மேல் என்கிற அடுக்கு நம்ம பர்ஸுக்குள்ளயும் உட்கார்ந்திருக்கு. பில்லுக்கு ஒரு கை, மரத்தடிக்கு ஒரு கை.

அப்படின்னா முதல் தோழர் சொன்னதுதான் சரியா? எல்லாத்தையும் நாமே பண்ணிக்கிட்டா இந்தப் பேரமே இருக்காதே? இங்கேதான் நான் மாறுபடுகிறேன். 'என் வண்டியை நானே பார்ப்பேன்' என்கிற பேச்சு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. 1974இல் அமெரிக்காவுல ராபர்ட் பிர்சிக் என்பவர் ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்பும் பற்றி எழுதின புத்தகம் நம்ம ஊர்க் கல்லூரிகள்லயும் கைமாறி ஓடினது. தன் வண்டியைத் தானே பார்க்கிறவர் அவர், கூட வர்ற நண்பர் கடைக்காரனை நம்புறவர். அதுல ஒரு இடம். வண்டியைக் கடையில விடுறார். ரேடியோவைப் பெருசா வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிற பையன்கள் சுத்தியலும் உளியும் வெச்சு எஞ்சினை நாசம் பண்ணிடுறாங்க. கடைசியில பார்த்தா கோளாறு, 25 சென்ட் பெறாத ஒரு சின்னப் பின் உடைஞ்சதுதான். எங்க டேங்க் மூடி கதையேதான்! அந்தப் பையன்களுக்கு வேலையில மனசு ஒட்டலைன்னு அவர் விசாரணை பண்றார், நியாயம்தான். ஆனா அவங்களுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாங்க, அந்த வண்டி மாதிரி ஒண்ணு வாங்க அவங்களால முடியுமா என்கிற விசாரணையை அந்தப் பக்கங்கள்ல நான் பார்க்கல. சும்மா இருக்கிற ஞாயித்துக்கிழமையில கையை அழுக்காக்கிக்கிட்டு திங்கட்கிழமை கழுவிடுறவனுக்கு அது தியானம். திங்கட்கிழமையும் அதே அழுக்கோட இருக்கிறவனுக்கு அது பிழைப்பு.

இதை எனக்குப் புரியவெச்சதும் அம்மாதான். மூடி சம்பவத்துக்கப்புறம் நான் தம்பிகிட்ட கத்துக்க ஆரம்பிச்சேன். ஒருநாள் முழங்கைவரை கரி ஆயிலோட வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டாங்க. ராத்திரி சோறு போடும்போது, "கை அழுக்காகக் கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்" என்று மட்டும் சொன்னாங்க. இதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. 'உழைப்பு உயர்ந்ததும்மா' என்று நான் சொல்லியிருந்தால் அந்தச் சோத்துத் தட்டை எடுத்து மூஞ்சியில வீசியிருக்கணும். எந்த வேலையும் இழிவில்லை என்று நமக்குப் போதிச்சவங்க எல்லாம் அந்த வேலையை நம்மகிட்டயே விட்டுட்டுப் போனவங்க. அம்மா பயப்பட்டது கரியைப் பார்த்து இல்லை, வேற வழி இல்லாம கரியில கிடக்கிறதைப் பார்த்துத்தான். நான் செய்யறது அது இல்லைன்னு இப்போ சொல்லமுடியும். நடுவழியில நின்னா யார் தெருவுக்கும் தள்ளிக்கிட்டுப் போகாம இருக்கத்தான் கத்துக்கிறேன். அம்மாவுக்கு இது பாதிதான் சமாதானம்.

ஆகவே எதை நாமே செய்யணும், எதுக்குக் காசு கொடுக்கணும்? வண்டி வழியில நின்னா வீடு வந்து சேர எது தேவையோ அது எல்லாம் தெரிஞ்சிருக்கணும். இதுல ஆண் பெண் என்ன? வண்டி நின்னா பெட்ரோல், நெருப்பு, காத்து என்று மூணைத்தான் தேடணும். 16 நம்பர் பிளக் ஸ்பேனர் ஒண்ணு சீட்டுக்கடியில எப்பவும் இருக்கட்டும். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா அது எஞ்சினோட நாக்கு மாதிரி. காய்ஞ்ச கரி படிஞ்சிருந்தா காத்து பத்தல, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லாட்டி சோக்கைப் போட்டபடியே விட்டிருப்பீங்க. வெள்ளையா வெந்திருந்தா பெட்ரோல் பத்தல. பிசுபிசுன்னு ஆயிலா இருந்தா ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கு, சைலன்சர்ல நீலப் புகையும் வரும், அது கடை வேலை. நெருப்பு வருதான்னு பார்க்கும்போது பெட்ரோல் சிந்தின இடத்துல பண்ணாதீங்க.

இப்போ பங்கில கிடைக்கிறது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணியை இழுக்கும். மழைக்காலத்துல, வாரக்கணக்கா ஓட்டாம நிறுத்தின வண்டியில, கார்ப்பரேட்டர் கிண்ணத்துல தண்ணி தங்கும். அடித்திருகைத் தளர்த்தி ஒரு பாட்டில் மூடியில பிடிச்சுப் பார்த்தா கீழே தண்ணி தனியா நிக்கிறது கண்ணுக்கே தெரியும். பழைய வண்டியோட ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் இந்த எரிபொருளுக்குச் செஞ்சது இல்லை. குழாய் உப்பியிருக்கா, வெடிச்சிருக்கான்னு மாசம் ஒரு தரம் விரலால தடவிப் பாருங்க.

ஆயில் மாத்துறது, செயின் இறுக்குறது, பிரேக்கைச் சரிபண்றது, கிளட்ச் கேபிள் மாத்துறது, இதெல்லாம் ஒரு நாள்ல பழகலாம். ஆயில் ஊத்தும்போது ஒண்ணு: காருக்கு ஊத்துற ஆயிலை மலிவுன்னு ஊத்தாதீங்க. நம்ம வண்டியில கிளட்ச் ப்ளேட்டும் அதே ஆயில்லதான் மிதக்குது. சில கார் ஆயில்ல வழுக்குற மருந்து அதிகம், கிளட்ச் வழுக்கும், மேட்டுல எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

என் மண்டைக்கனத்தையும் சொல்லிடணும். நாலு தரம் ஆயில் மாத்தினதும் பெரிய மேஸ்திரி ஆயிட்டதா நினைப்பு. அடியில இருக்கிற போல்ட்டு 17 நம்பர் ஸ்பேனர்ல திறக்கிறது. மறுபடி மாட்டும்போது ஆயில் ஒழுகிடப்போகுதேன்னு ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். போல்ட்டு இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். 'கொழக்'னு ஒரு சுத்து சும்மா சுத்திச்சு. மரை போச்சு. புது ஆயில் பூரா வாசல்ல. தம்பி வந்து பார்த்து எதுவும் சொல்லல, அதான் ரொம்ப வலிச்சுது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெரிய மரை போட்டு, பெரிய போல்ட்டு மாட்டி, ஆயிலோட சேர்த்து 1,150 ரூபாய் ஆச்சு. மிச்சம் பிடிக்கப் பார்த்தது நூறு ரூபாய். இந்தத் தரம் அவன் சொன்ன கூலியை எண்ணிக் கையில கொடுத்தேன்.

எஞ்சின் இறக்குறது, போர் போடுறது, டைமிங் செயின், கிராங்க் பேரிங், இதுக்கெல்லாம் கடைதான். புத்தகம் படிச்சு, படம் பார்த்து நாமே கிராங்க் பிரிக்கப் போறோம்னு இறங்குறது நம்ம ஆறு மாசத்தையும் வீணாக்கும், தொழில் தெரிஞ்சவன் ஆறு வருசத்தையும் அவமானப்படுத்தும். அந்த வேலைக்குப் பேரம் பேசாம காசு கொடுக்கணும். முன்னாடியே கேட்டுக்கணும், 'எவ்வளவு ஆகும், என்னென்ன மாத்துவீங்க, பழைய சாமானைத் திருப்பித் தருவீங்களா' என்று. தப்பான வேலை செஞ்சா சண்டையும் போடணும். கூலியை மதிக்கிறதுன்னா ஏமாறுறதுன்னு அர்த்தம் இல்லை.

கடையில காசு கொடுக்கிறவன் இன்னொண்ணும் பார்க்கணும். சாமான் கழுவுறது யார்? பன்னெண்டு வயசுப் பையன் பெட்ரோல் தட்டுல வெறுங்கையை விட்டுக்கிட்டிருந்தா, நம்ம பில்லு மலிவா இருக்கிறதுக்கு அவன்தான் காரணம். பதினாலு வயசுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினாங்க. குடும்பத் தொழிலுக்கு உதவுறதுன்னு ஒரு ஓட்டையையும் கூடவே வெச்சாங்க, அது யாருக்கு வசதின்னு தனியா எழுதணும். கரி ஆயில் வருசக்கணக்கா தோலில் பட்டா புற்றுநோய்வரை போகும். பழைய ரக பிரேக் ஷூ தூசியில கல்நார் இருக்கலாம். பிரேக் டிரம்மைக் கழட்டி வாயால ஊதுறதும் காத்துக் குழாயால அடிக்கிறதும் நம்ம கடைகள்ல தினம் நடக்குது. ஈரத்துணியால துடைச்சா போதும். கையுறை ஒரு ஜோடி என்ன விலை? நம்ம வண்டியை விடுற கடையில இதைக் கேட்க நமக்கு வாய் வரமாட்டேங்குது. சொந்தமா செய்யறப்போ நம்ம மூக்குக்கும் இதேதான். கரி ஆயிலைச் சாக்கடையில ஊத்துறவங்க, அது எந்தத் தெருக் கிணத்துல ஊறும்னு நினைச்சுப் பார்த்துட்டு ஊத்தட்டும்.

இந்தப் பேச்செல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குன்னு ஒரு தோழர் கேட்டார். கேள்வி சரி. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ் 6 வண்டிகள்ல பெரும்பாலும் கார்ப்பரேட்டரே கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சுறதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. புகை குறையுது, நல்லதுதான். ஆனா விளக்கு எரிஞ்சா என்ன கோளாறுன்னு படிக்கவே ஸ்கேனர் வேணும். வேப்பமரத்தடி அந்த ஸ்கேனருக்கு எங்கே போகும்? கார்கள்ல இந்த வேலை எப்பவோ நடந்தது. உதிரிபாகத்தையும் கோளாறு பார்க்கிற கருவியையும் வெளிக் கடைகளுக்குத் தராம அடைச்சு வெச்சதுக்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு 2022இல் ஒன்றிய அரசு குழு போட்டது, இணையதளமும் தொடங்கினது, வண்டிகளும் அதுல சேர்த்திதான். மரத்தடிக்கு அது எட்டினதா நான் பார்க்கல. அறிவை அடைச்சு வைக்கிறதும், தொடக்கூடாதுன்னு பூட்டுப் போடுறதும், பிறகு 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்றதும் நமக்குப் புதுசா என்ன?

கூட்டத்துல நான் சொல்லத் தவறினதை இங்கே சொல்லிடுறேன். இயக்கக் கணக்கிலிருந்து வண்டிக்குப் போகிற காசு எந்தக் கடைக்குப் போகுதுன்னு அடுத்த கணக்குல பிரிச்சு எழுதணும். காலனித் தம்பிகிட்ட அளவு பேசி, ரசீது எழுதி, கூலின்னே போட்டுக் கொடுக்கணும். அந்தக் காசுல அவன் ஸ்கேனர் வாங்க முடியுமான்னு பார்க்கணும், முடியலைன்னா கடன் கொடுக்கணும். கண்ணாடிக் கதவுக்காரன் பொறாமைப்படட்டும்.

தம்பிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். ஒத்துக்கிட்டான். அடுத்த மாசம் முதல் ரெண்டு ஞாயித்துக்கிழமை, காலையில ஏழு மணியிலிருந்து பத்து வரை, வேப்பமரத்தடி. பிளக், ஏர் ஃபில்டர், கேபிள், செயின், ஆயில், பஞ்சர். பன்னிரண்டு பேர்தான், அதுல பாதி பெண் தோழர்கள், அவங்க பேரை முதல்ல எழுதிக்கிறோம். பழைய வேட்டித்துணி ஒண்ணு, அவரவர் வண்டி. தலைக்கு 250 ரூபாய், தம்பி கையில. முதல்ல நூறு ரூபாய்தான் கேட்டான், நான்தான் ஏத்தினேன். எங்கம்மா காபி போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, அதுக்கும் காசு உண்டான்னு கேட்டாங்க.